எடைக்கற்கள் பேசும் வரலாறு

கி.பி. 408ஆம் ஆண்டு விசிகோத் இனத்தவரின் தலைவர் அலாரிக் ரோமாபுரியை முற்றுகையிட்டார். தைபர் ஆற்றின் வழியே நகருக்குத் தானியம் வரும் பாதை அடைபட்டது. மக்கள் பட்டினியில் வாடினர். வேறு வழியின்றி ரோமானியர் பேரம் பேச முன்வந்தனர். முற்றுகையை விலக்கிக்கொள்ள அலாரிக் பெற்ற ஈட்டுப்பொருளை வரலாற்றாசிரியர் சோசிமஸ் பட்டியலிட்டிருக்கிறார். 5,000 பவுண்டு தங்கம், 30,000 பவுண்டு வெள்ளி, 4,000 பட்டாடைகள், சிவப்புச் சாயமேற்றிய 3,000 தோல்கள், 3,000 பவுண்டு மிளகு ஆகியவை அதில் அடங்கும்.

இந்தப் பட்டியலைப் படிக்கும் ஒருவர் கணிப்பொறியைத் தட்டி 5,000 பவுண்டைக் கிலோவாக மாற்றினால் 2,268 கிலோ என்று விடை வரும். கூட்டல் பெருக்கலில் பிழை ஏதும் இல்லை. ஆனால் விடை தவறு. அலாரிக் பெற்றது ஏறக்குறைய 1,637 கிலோ தங்கம்தான். இடையில் 630 கிலோவுக்கு மேற்பட்ட தங்கம் கணக்கில் மட்டுமே முளைத்துவிட்டது!

காரணம் எளியது. ரோமானியர் பயன்படுத்திய அளவு லிப்ரா. மொழிபெயர்ப்பாளர்கள் அதைப் பவுண்டு என்று எழுதினார்கள். இன்றைய பவுண்டு 453.59 கிராம். ரோமானிய லிப்ராவோ சுமார் 327 கிராம். பெயர் வழிவழியாக வந்தது, எடை மட்டும் வழியில் மாறிவிட்டது.

பழைய நூல்களில் வரும் எடைகளை இன்றைய கிலோ கிராமாக மாற்றுவதும், இன்றைய எடையை அக்கால அளவில் சொல்வதும் வெறும் வாய்பாட்டு வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது வரலாற்று ஆய்வின் ஒரு தனிப்பிரிவு. ஒரு நாட்டின் செல்வம், ஒரு தொழிலாளியின் கூலி, ஒரு வணிகனின் நேர்மை ஆகிய அனைத்தும் அந்தச் சிறிய எண்ணுக்குள் அடங்கியிருக்கின்றன.

நாணயத்திற்கு முன் எடை

நாணயம் என்பது கி.மு. 7ஆம் நூற்றாண்டளவில் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த லிடியாவில் தோன்றியது. அதற்கு முன் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மேற்காசியாவில் வாணிபம் நடந்தது. அப்போது மக்கள் எதைக் கொடுத்துப் பொருள் வாங்கினார்கள்? வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார்கள். கட்டியாகவும் கம்பியாகவும் உடைந்த அணிகலன்களாகவும் இருந்த வெள்ளி தராசுத் தட்டில் ஏறியது.

சேக்கல் என்ற சொல்லே இதற்குச் சான்று. எபிரேய மொழியில் நிறுத்தல் என்று பொருள்படும் வினையிலிருந்து அது பிறந்தது. அதே மொழியில் கெசெப் என்ற சொல் வெள்ளி என்ற உலோகத்தையும் பணத்தையும் ஒருசேரக் குறிக்கும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. இங்கே பத்து வெள்ளி என்றால் யாரும் உலோகத்தை நினைப்பதில்லை. எபிரேயரின் சொல்வழக்கும் இதைப் போன்றதுதான்.

ஆதியாகமத்தில் ஆபிரகாம் தம் மனைவி சாராளை அடக்கம் செய்ய மக்பேலா குகையை விலைக்கு வாங்குகிறார். விலை 400 சேக்கல் வெள்ளி. அதை அவர் எண்ணிக் கொடுக்கவில்லை, வணிகரிடையே செல்லும் எடைப்படி நிறுத்துக் கொடுத்தார் என்கிறது அந்நூல். இன்றைய அளவில் அது சுமார் நாலரை கிலோ வெள்ளி. பல நூற்றாண்டுகளுக்குப் பின் எரேமியா ஆனதோத்தில் ஒரு நிலம் வாங்கும்போதும் 17 சேக்கல் வெள்ளி தராசில் நிறுக்கப்படுகிறது. அது 200 கிராமுக்கும் குறைவு.

ஒரு கணக்கே விடை தருகிறது

விவிலிய எடைகளின் வரிசை இது: மிகச் சிறியது கேரா. அரைச் சேக்கலுக்குப் பெக்கா என்று பெயர். அதன் மேல் சேக்கல், மினா, தாலந்து என்று ஏறும். ஒரு சேக்கலுக்கு 20 கேரா என்று யாத்திராகமம் கூறுகிறது. ஆனால் ஒரு தாலந்துக்கு எத்தனை சேக்கல் என்று எங்கும் நேராகச் சொல்லப்படவில்லை. அப்படியானால் அறிஞர்கள் அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

அதே யாத்திராகமத்தின் 38ஆம் அதிகாரத்தில் ஒரு வரிக்கணக்கு இருக்கிறது. 603,550 ஆண்கள் தலைக்கு அரைச் சேக்கல் வீதம் வெள்ளி கொடுத்தார்கள். மொத்தம் 301,775 சேக்கல் ஆகிறது. அந்நூல் இந்தத் தொகையை 100 தாலந்தும் 1,775 சேக்கலும் என்று எழுதி வைத்திருக்கிறது. 1,775ஐக் கழித்தால் மீதம் 300,000. அதை 100ஆல் வகுத்தால் 3,000. ஆக, ஒரு தாலந்து என்பது 3,000 சேக்கல்! பள்ளிப் பிள்ளைகளும் செய்யக்கூடிய இந்தக் கணக்குதான் விவிலிய எடை ஆய்வின் அடித்தளங்களில் ஒன்று.

எனினும் எல்லா இடங்களிலும் இதே கணக்கு செல்லாது. பாபிலோனியர் எதையும் அறுபது அறுபதாகப் பகுப்பவர்கள். அவர்களுக்கு 60 சேக்கல் ஒரு மினா, 60 மினா ஒரு தாலந்து. அவர்களுடைய சேக்கல் சுமார் 8.4 கிராம். மினா அரைக் கிலோவை ஒட்டியது. தாலந்து ஏறக்குறைய 30 கிலோ. எபிரேயரின் வழக்கிலோ 50 சேக்கல் ஒரு மினா. பாபிலோனில் சிறையிருந்த காலத்தைச் சேர்ந்த எசேக்கியேலின் நூலில் மினாவுக்கு 20, 25, 15 என்று மூன்று எண்கள் சேர்த்துச் சொல்லப்படுகின்றன. கூட்டினால் 60 வருகிறது. வாழ்ந்த நாட்டின் அளவு வழிபாட்டு நூலுக்குள்ளும் புகுந்துவிட்டது எனலாம்.

மண்ணுக்குள் கிடந்த சாட்சிகள்

தாலந்துக்கு 3,000 சேக்கல் என்பது தெரிந்தாலும், ஒரு சேக்கலுக்கு எத்தனை கிராம் என்ற கேள்வி நிற்கிறது. அதற்கான விடையை ஏடுகள் தரவில்லை. மண்தான் தந்தது.

எருசலேம், லாகீசு முதலிய இடங்களில் நடந்த அகழாய்வுகளில் குவிமாடம் போன்ற வடிவுடைய சிறு சுண்ணாம்புக் கற்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. பெரும்பாலானவை கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இறுதியையும் 7ஆம் நூற்றாண்டையும் சேர்ந்தவை. அவற்றின் தலையில் ஒரு சுழி போன்ற குறியும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். இவை யூதா நாட்டின் எடைக்கற்கள். அவற்றை இன்றைய நுண்தராசில் நிறுத்து, எண்ணால் வகுத்துப் பார்த்தபோது ஒரு சேக்கல் சராசரியாக 11.33 கிராம் என்று தெரிந்தது.

எபிரேய மொழியில் கல் என்ற சொல்லே எடையையும் குறிக்கும். தமிழிலும் இரும்பால் செய்த எடையைக்கூட எடைக்கல் என்றுதானே சொல்கிறோம்! கல்லை வைத்து நிறுத்த காலத்தின் நினைவு இரு மொழிகளிலும் தங்கிவிட்டது.

அந்தக் கற்கள் இன்னொரு செய்தியையும் சொல்கின்றன. 8 சேக்கல் கல்லின் மேல் எகிப்திய எழுத்து முறையில் 10 என்ற எண் இருக்கிறது. 4 சேக்கல் கல்லில் 5 என்று இருக்கிறது. இது பிழையன்று. 8 சேக்கல் என்பது எகிப்தின் 10 கெதெத் எடைக்குச் சமம். ஆக, யூதாவின் வணிகர் எகிப்தின் வணிகரோடு தடையின்றிக் கொடுக்கல் வாங்கல் செய்யும்படி ஒரே கல் இரு நாட்டுக் கணக்குக்கும் பொருந்துமாறு அமைக்கப்பட்டிருந்தது.

இத்தகைய கற்கள் இன்றும் கிடைத்து வருகின்றன. 2018இல் எருசலேமில் பெக்கா என்று பொறித்த சிறு கல் ஒன்று கிடைத்தது. அதன் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலமாக மாறியிருந்தன. முத்திரை செதுக்கும் பழக்கமுள்ள கைவினைஞர் மறதியாக அப்படிச் செதுக்கியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். 2020இல் மேற்குச் சுவரின் அருகே 2 சேக்கல் கல் ஒன்று கிடைத்த செய்தி வெளியானது. அதன் எடை 23 கிராம். 11.33ஐ இரண்டால் பெருக்கினால் 22.66. ஏறத்தாழ 2,700 ஆண்டுகளுக்கு முந்திய கைவேலையில் இவ்வளவு துல்லியம்!

ஒரு சொல்லின் புதிர்

எடைக்கற்கள் மொழிபெயர்ப்பையே திருத்திய கதையும் உண்டு. சாமுவேலின் முதல் நூல் 13ஆம் அதிகாரத்தில், இசுரவேலரிடம் கொல்லர் இல்லாததால் கலப்பைக் கொழுவையும் மண்வெட்டியையும் தீட்டுவதற்குப் பெலிஸ்தரிடம் போக வேண்டியிருந்தது என்று வருகிறது. அங்கே பீம் என்றொரு சொல் இருக்கிறது. விவிலியத்தில் வேறு எங்கும் அது வரவில்லை. அதன் பொருள் யாருக்கும் தெரியவில்லை. 1611இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் அறிஞர்கள் சூழ்நிலையை வைத்து ஊகித்து அரம் என்று எழுதினார்கள்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீம் என்ற எழுத்துகளைத் தாங்கிய எடைக்கற்கள் கிடைத்தன. அவற்றின் எடை 7.8 கிராமை ஒட்டியிருந்தது. அதாவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு சேக்கல். புதிர் அவிழ்ந்தது. பீம் என்பது கருவியின் பெயரன்று. கொழு தீட்டுவதற்குப் பெலிஸ்தர் வாங்கிய கூலி! ஓர் ஏழை உழவன் தன் கருவியைக் கூர்மையாக்கப் பகைவனுக்கு எவ்வளவு வெள்ளி அழ வேண்டியிருந்தது என்பதை அந்த வசனம் சொல்கிறது. மூன்று நூற்றாண்டுகளாக வாசகர்கள் அதை அறியாமலே படித்து வந்தார்கள்.

பெல்ஷாத்சார் மன்னனின் விருந்தில் சுவரில் தோன்றிய எழுத்தும் இதைப் போன்றதே. மெனே, தெக்கேல், பெரேஸ் என்பவற்றைத் தானியேல் எண்ணப்பட்டது, நிறுக்கப்பட்டது, பிரிக்கப்பட்டது என்று விளக்குகிறார். அச்சொற்கள் மினா, சேக்கல், அரை மினா ஆகிய எடைகளின் பெயர்களும் ஆகும் என்று பிரெஞ்சு அறிஞர் கிளர்மோன் கன்னோ 1886இல் எடுத்துக்காட்டினார். சந்தையில் தினமும் கேட்கும் எடைப் பெயர்களே மன்னனின் தீர்ப்பாக மாறின என்று இன்று பலரும் விளக்குகின்றனர்.

பையில் இரண்டு கற்கள்

எடை இருக்கும் இடத்தில் ஏமாற்றும் இருக்கும். உபாகமத்தின் சட்டம் ஒருவன் தன் பையில் பெரிதும் சிறிதுமாக இருவகைக் கற்களை வைத்திருக்கக் கூடாது என்று தடுக்கிறது. வாங்கும்போது பெரிய கல், விற்கும்போது சிறிய கல் என்பதே அந்தத் தந்திரம். தானியம் அளக்கும் மரக்காலைச் சிறிதாக்கி, வெள்ளி நிறுக்கும் சேக்கலைப் பெரிதாக்கும் வணிகர்களைத் தீர்க்கதரிசி ஆமோஸ் கடுமையாகச் சாடுகிறார். குறைந்த தானியத்துக்கு ஏழை கூடுதல் வெள்ளி கொடுக்க வேண்டியிருந்தது.

இது அறவுரைக்காகச் சொன்ன கற்பனையா? இல்லை. எருசலேமின் தாவீதின் நகர்ப் பகுதியில் கிடைத்த 2 கேரா எடைக்கல் ஒன்றை ஆய்வாளர்கள் நிறுத்துப் பார்த்தனர். ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டிய அந்தக் கல் மூன்றரை கிராமுக்கு மேல் இருந்தது. ஆமோஸ் பேசிய வகை ஏமாற்றுக்கு அது ஒரு சாட்சி.

ரோமானியரின் பன்னிரண்டு

ரோமானியரின் கணக்கு பன்னிரண்டை அடிப்படையாகக் கொண்டது. ஒரு லிப்ராவுக்கு 12 உன்சியா. ஓர் உன்சியாவுக்கு 24 ஸ்க்ரிபுலம். ஒரு ஸ்க்ரிபுலத்துக்கு 6 சிலிக்குவா. ஆக, ஒரு லிப்ராவில் 288 ஸ்க்ரிபுலமும் 1,728 சிலிக்குவாவும் அடங்கும். கிராமில் சொன்னால் உன்சியா 27.3, ஸ்க்ரிபுலம் 1.14, சிலிக்குவா 0.19. பன்னிரண்டை இரண்டாலும் மூன்றாலும் நான்காலும் மீதியின்றி வகுக்கலாம். பின்னம் எழுதத் தடுமாறிய காலத்தில் சந்தைக்கு இது பெரிய வசதி.

லிப்ரா என்றால் இலத்தீன் மொழியில் தராசு என்றும் பொருள். வான்வெளியில் துலாம் இராசிக்கு மேலைநாட்டார் வைத்த பெயரும் லிப்ராதான். தமிழிலும் துலாம் என்பது தராசையும் குறித்தது, 100 பலம் கொண்ட ஓர் எடையையும் குறித்தது.

லிப்ராவின் எடையை அறிய உதவியவை நாணயங்கள். ரோமானியர் ஒரு லிப்ரா உலோகத்தில் இத்தனை நாணயம் அடிக்க வேண்டும் என்று விதித்தார்கள். நல்ல நிலையில் கிடைத்த பொற்காசுகளை நிறுத்து அந்த எண்ணால் பெருக்கினால் லிப்ரா கிடைத்துவிடும். 1838இல் ஜெர்மானிய அறிஞர் ஆகஸ்ட் பெக் பண்டை எடைகளைப் பற்றிய பெரும் ஆய்வு நூலை வெளியிட்டார். அந்த ஆய்வு மரபில் 327.45 கிராம் என்ற அளவு பரவலாக ஏற்கப்பட்டது. பிற்கால ஆய்வாளர் சிலர் 322 முதல் 329 வரை வெவ்வேறு அளவுகளைச் சொன்னாலும் வேறுபாடு சிறிதே.

சந்தையில் எடையையும் அளவையும் கண்காணிக்க ஏடில் என்ற அதிகாரிகள் இருந்தனர். பொம்பெய் நகரச் சந்தைவெளியில் குழிகள் குடைந்த ஒரு கல்மேசை கிடைத்திருக்கிறது. குழிகள் ஒவ்வொன்றும் ஓர் அளவு. முதலில் அவை உள்ளூர் ஓஸ்கன் மக்களின் அளவுகளாக இருந்தன. அகஸ்டஸ் காலத்தில் அவற்றை ரோமானிய அளவுக்கு ஏற்பத் திருத்திக் குடைந்தார்கள். ஆட்சி மாறினால் படியும் மாறும் என்பதற்கு அந்தக் கல் சாட்சி.

வெள்ளிக்காசின் வீழ்ச்சி

எடை அசையாமல் நின்றாலும் நாணயம் நிற்கவில்லை. கி.மு. 211ஐ ஒட்டித் தெனாரியஸ் என்ற வெள்ளிக்காசு வந்தபோது ஒரு லிப்ராவுக்கு 72 காசு. அதாவது காசு ஒன்று நாலரை கிராம். சில ஆண்டுகளில் 84 காசு ஆயிற்று. எடை 3.9 கிராமுக்கு இறங்கியது. கி.பி. 64இல் நீரோ மன்னன் 96 காசு அடிக்கச் சொன்னான். எடை 3.4 கிராம். மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதி கடந்ததும் வெள்ளிக்காசு என்ற பெயரில் வெள்ளி பூசிய செம்புக்கலவையே புழங்கியது.

இந்தச் சீரழிவுக்குப் பின் கான்ஸ்டன்டைன் மன்னர் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொலிடஸ் என்ற பொற்காசை நிலைப்படுத்தினார். ஒரு லிப்ராவுக்கு 72 காசு. ஒரு காசில் 24 சிலிக்குவா தங்கம். சிலிக்குவா என்பது கரோப் மரத்தின் விதை. அதன் கிரேக்கப் பெயரின் வழியில் வந்ததே காரட் என்ற சொல். முழுத் தங்கம் 24 காரட் என்று நகைக்கடையில் சொல்லும் வழக்கு அந்தப் பொற்காசின் 24 பங்கிலிருந்து வந்தது. 24இல் 22 பங்கு தங்கம் என்றால் ஆயிரத்துக்கு 916. இங்கே மங்கையர் விரும்பி வாங்கும் 916 தங்கத்தின் கணக்கு இதுதான்! வைரம் நிறுக்கும் காரட் 0.2 கிராம் என்று 1907இல் உலக அளவில் முடிவாயிற்று. ரோமானியரின் 0.19க்கு அது மிக அருகில் இருக்கிறது.

ஒரே பெயர், பல எடைகள்

எடை மாற்றத்தில் மிகப் பெரிய இடர் பெயர்தான். யோவான் நற்செய்தியில் இயேசுவின் உடலை அடக்கம் செய்ய நிக்கொதேமு 100 லித்ரா வாசனைப் பொருள் கொண்டுவருகிறார். லித்ரா என்பது லிப்ராவின் கிரேக்க வடிவம். ஆகவே அது சுமார் 33 கிலோ. 1611ஆம் ஆண்டின் ஆங்கில நூல் 100 பவுண்டு என்று எழுதியதால் 45 கிலோ என்று எண்ணியவர்கள் உண்டு. அதே மொழிபெயர்ப்பு லூக்கா நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் வரும் மினாவையும் பவுண்டு என்றே எழுதியது. மினா அங்கே எடையன்று, 100 திராக்மா பெறுமான பணம்.

தமிழ் விவிலியம் இந்த இடங்களில் இராத்தல் என்ற சொல்லை ஆண்டது. அந்தச் சொல்லின் பயணம் வியப்பானது. கிரேக்க லித்ரா அரபியரிடம் ரத்ல் ஆயிற்று. ஐபீரியாவை ஆண்ட அரபியரிடமிருந்து போர்த்துக்கீசியர் அதை அர்ராத்தல் என்று எடுத்துக்கொண்டனர். போர்த்துக்கீசியரோடு அது தமிழ்க் கரைக்கு வந்து இராத்தல் ஆயிற்று. யோவானின் லித்ராவை இராத்தல் என்று மொழிபெயர்த்தவர்கள், தம்மை அறியாமலே அதே சொல்லின் பேரப்பிள்ளையை உரிய இடத்தில் அமர்த்திவிட்டார்கள்!

தாலந்தும் இப்படித்தான். யாத்திராகமத்தில் அது 34 கிலோ எடை. மத்தேயு நற்செய்தியில் அது 6,000 தெனாரியஸ் மதிப்புள்ள பணம். ஒரு நாள் கூலி ஒரு தெனாரியஸ் என்று அதே நற்செய்தியின் 20ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று வைத்தால் ஒரு தாலந்து 20 ஆண்டு உழைப்பு. எசமானுக்கு 10,000 தாலந்து கடன்பட்ட ஊழியன் அதை அடைக்க இரண்டு இலட்சம் ஆண்டு உழைக்க வேண்டும். அடைக்கவே முடியாத கடன் என்று கேட்டவர்கள் உடனே உணர்ந்திருப்பார்கள். அதைக் கிலோவில் சொன்னால் அந்த உணர்வு வராது.

முசிறித் துறையின் கணக்கு

இந்த அளவைகளுக்குத் தமிழகத்தோடும் நேரடித் தொடர்பு உண்டு. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரஸ் ஏடு ஒன்று வியன்னாவில் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் சேர நாட்டு முசிறியோடு நடந்த வணிகம் பற்றிய கடன் ஒப்பந்தம். மறுபக்கத்தில் ஹெர்மபோலன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு. கங்கைக்கரை நளதமும் யானைத் தந்தமும் அதில் உள்ளன. எடையைத் தாலந்திலும் மினாவிலும் எழுதிய எழுத்தர், மதிப்பையும் தாலந்தில்தான் எழுதியிருக்கிறார். எது எடை, எது பணம் என்று பார்க்காமல் கூட்டினால் கணக்கு குழம்பிவிடும். கீழ்த்திசைச் சரக்குக்கு ரோமானிய அரசு நான்கில் ஒரு பங்கு வரி வாங்கியதால் ஒவ்வொரு மினாவும் பெரிதாக எண்ணப்பட்டது.

மரியாள் ஒரு லித்ரா நளதத் தைலம் கொண்டுவந்தபோது அதன் மதிப்பு 300 தெனாரியஸ் என்று பேசப்பட்டது. 327 கிராம் தைலத்துக்கு ஏறக்குறைய ஓராண்டுக் கூலி. கி.பி. 77இல் பிளினி எழுதிய நூலின்படி கருமிளகு ஒரு லிப்ரா 4 தெனாரியஸ். நான்கு நாள் கூலிக்கு ஒரு கிலோவில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. அலாரிக் தங்கத்தோடு மிளகையும் ஏன் கேட்டார் என்பது இப்போது விளங்கும். அவர் பெற்றது ஏறக்குறைய 980 கிலோ மிளகு.

1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த புதையலில் 501 ரோமானியப் பொற்காசுகள் இருந்தன. பெரும்பாலானவற்றில் மன்னரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டு விழுந்திருந்தது. நாணயமாக மீண்டும் புழங்காமல், எடைக்குரிய பொன்னாக மட்டும் அவை மதிக்கப்பட வேண்டும் என்பதற்காக வெட்டியிருக்கலாம் என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர்.

இன்றைய எடை அன்றைய கணக்கில்

இனி, இன்றைய பொருள்களை அன்றைய தராசில் ஏற்றிப் பார்க்கலாம். கடையில் வாங்கும் 10 கிலோ அரிசிப் பை ரோமானியருக்கு முப்பதரை லிப்ரா. யூதாவின் வணிகருக்கு 883 சேக்கல். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 183 லிப்ரா, அல்லது ஒன்றே முக்கால் தாலந்து. 20 கிராம் சங்கிலி ஒன்றேமுக்கால் சேக்கலைச் சற்றே தாண்டும்.

மறுபுறம், கோலியாத்தின் 5,000 சேக்கல் வெண்கலக் கவசம் 57 கிலோ. அவனுடைய ஈட்டிமுனை 600 சேக்கல் இரும்பு, சுமார் 6.8 கிலோ. சாலொமோனுக்கு ஓராண்டில் வந்ததாகச் சொல்லப்படும் 666 தாலந்து பொன் 22 டன்னுக்கும் மேல். அப்சலோம் ஆண்டுதோறும் வெட்டிய கூந்தலின் எடை 200 சேக்கல். இரண்டேகால் கிலோ! ஆனால் அங்கே அரசனின் நிறைப்படி என்று ஒரு குறிப்பு இருக்கிறது. அரண்மனைக் கல், ஆலயக் கல், வணிகர் கல் என்று வெவ்வேறு அளவுகள் வழங்கியதை அந்தக் குறிப்பு உணர்த்துகிறது. பொதுவான 11.33 கிராமை அங்கே அப்படியே பொருத்துவது முறையாகாது. எருசலேம் ஆலயத்தில் பிற்காலத்தில் வரியாகச் செலுத்தப்பட்ட தீரு நகர வெள்ளிச் சேக்கல் 14 கிராம் அளவுடையது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆங்கிலேயரின் பவுண்டு வணிகத்துக்கு 16 அவுன்சும், பொன் வெள்ளிக்கு 12 அவுன்சுமாக இரண்டு வகையில் வழங்கியது. 1959இல்தான் பவுண்டு 0.45359237 கிலோ என்று ஆங்கிலம் பேசும் ஆறு நாடுகள் ஒன்றுபட்டு முடிவு செய்தன. பொன்னை எடைபோடும் அவுன்சு மட்டும் இன்றும் 31.1 கிராமாகத் தனித்து நிற்கிறது. அவுன்சு என்ற சொல் உன்சியாவின் வழிவந்தது. எடையால் என்று பொருள்படும் பொண்டோ என்ற இலத்தீன் சொல் பவுண்டு ஆகி, ஆங்கிலேயரின் பொற்காசு வழியே பவுன் என்று தமிழ் இல்லங்களுக்கும் வந்து சேர்ந்தது.

கிலோவும் நெடுங்காலம் ஒரு கல்லைப் போன்றதாகவே இருந்தது. பாரிஸ் அருகே காக்கப்பட்ட பிளாட்டினம் இரிடியம் உருளையே அதன் அளவு. ஆண்டுகள் செல்லச் செல்ல, அதன் படிகளுக்கும் அதற்கும் இடையே நுண்ணிய வேறுபாடு தெரிந்தது. 2019 மே 20 முதல் இயற்கையின் மாறாத எண்ணான பிளாங்க் மாறிலியைக் கொண்டு கிலோ வரையறுக்கப்படுகிறது. திருத்தவோ தேய்க்கவோ முடியாத ஓர் எடைக்கல்லை மனிதன் தேடிய தேட்டத்தில் அது ஒரு பெரிய படி.

பழைய நூல் ஒன்றில் எடையைப் பார்க்கும் வாசகர் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும். அது எந்த நாட்டார் கல்? எந்தக் காலத்துக் கல்? அங்கே சொல்லப்படுவது எடையா, பணமா? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகே கணிப்பொறியைக் கையில் எடுக்க வேண்டும்.